ஜி.யு.போப் கல்லறை வாசகம்: ஒரு சிறு திருத்தம்

ஜி.யு.போப்பின் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறிக்கப்பட்டிருப்பதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பள்ளி மேடைகளிலேயே பலகாலம் சொல்லப்பட்டு வரும் செய்திதான், அவர்மேல் தவறில்லை. ஆனால் கல்லில் அந்த வரி இல்லை.

1839இல் தமிழகம் வந்த இந்த மிஷனரி 1908இல் காலமானார். அடக்கமானது ஆக்ஸ்ஃபோர்டில், வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில். கல்லிலுள்ள எழுத்து ஆங்கிலம். பெயருக்கு அடுத்து ‘ஆஃப் சவுத் இந்தியா’ என்று வருகிறது (எனக்கு இதுவே மாணவன் கதையைவிட அழகாகப் படுகிறது). பிறகு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் கல்லூரி சாப்ளின் (கல்லூரித் தேவாலயப் பாதிரியார்) என்ற விவரங்கள். கல்லை வைத்தவர்கள் அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்றும் அதிலேயே இருக்கிறது. ‘மாணவன்’ என்ற பொருளில் ஒரு சொல்லும் கிடையாது.

சரிபார்க்க வேண்டுமானால் தமிழில் தேடாதீர்கள். ஒரே வாக்கியத்தின் நகல்கள்தான் வரிசையாக வரும். கல்லறைத் தோட்டத்தின் பெயரையும் போப்பின் முழுப்பெயரான ஜார்ஜ் உக்ளோ போப்பையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். அத்தோட்டத்துக்கென்றே உள்ள இணையதளத்தில் அவருக்குத் தனிப் பக்கம் இருக்கிறது; கல்வெட்டு வாசகம் அங்கே வரிக்கு வரி கிடைக்கும். யாராவது கல்லறைப் படம் அனுப்பினால் பெரிதாக்கி முதலில் பெயரைப் படியுங்கள், பிறகு ‘ஸ்டூடன்ட்’ என்ற சொல் எங்காவது தென்படுகிறதா என்று பாருங்கள்.