"சிரிச்சேன், ஆனா என்ன சொல்ல வர்றீங்க?"

போன மாசம் என் நாவல் ஒரு பதிப்பகத்துல இருந்து திரும்பி வந்துச்சு. போன்ல பேசினவர் நல்லவிதமாத்தான் பேசினார், நிறைய இடத்துல வாய்விட்டு சிரிச்சேன்னு சொன்னார், சொல்லிட்டு, "ஆனா இதுல என்ன சொல்ல வர்றீங்க?"ன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அமெரிக்க எழுத்தாளர் ஜான் கென்னடி டூலோட "எ கான்ஃபெடரஸி ஆஃப் டன்சஸ்" நாவலை எடுத்து மறுபடியும் முதல்ல இருந்து படிக்க ஆரம்பிச்சேன், ஏன்னா இதே கேள்விதான் அந்த மனுஷனையும் ரெண்டு வருஷம் படாத பாடு படுத்துச்சு.

கதை நடக்கிறது 1960கள்ல, நியூ ஆர்லியன்ஸ்ல. இக்னேஷியஸ் ரைலிக்கு முப்பது வயசு, மலை மாதிரி உடம்பு, காதை மூடுற பச்சைத் தொப்பி, வேலை வெட்டி கிடையாது, அம்மா வீட்டுல சாப்பாடு. ஆனா அவனைக் கேட்டா அவன் எழுத்தாளன். இந்த நூற்றாண்டே தப்பான வழியில போகுதுன்னு நிரூபிக்கிற ஒரு பெரிய நூலை, ஸ்கூல் பசங்க எழுதுற பிக் சீஃப் நோட்டுல எழுதிட்டு இருக்கான். அஞ்சு வருஷ உழைப்பு, சராசரியா மாசத்துக்கு ஆறே பாரா. நோட்டெல்லாம் கட்டிலைச் சுத்தித் தரையில கிடக்கும், எதுல என்ன எழுதினோம்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது. யாராவது வேலைக்குப் போடான்னு சொன்னா வயித்துல இருக்கிற வால்வு மூடிக்கும்! அம்மா காரை மோதி ஆயிரம் டாலருக்கு மேல நஷ்டஈடு கட்ட வேண்டி வந்ததும் வேற வழியில்லாம வேலை தேடிக் கிளம்பறான். முதல்ல ஒரு பேன்ட் கம்பெனி, அப்புறம் ஹாட் டாக் தள்ளுவண்டி, அதுல வித்ததை விட இவன் தின்னதுதான் ஜாஸ்தி.

இதுல என்ன விஷயம் இருக்குன்னு கேக்கறவங்க ஜோன்ஸைப் பாக்கணும். கறுப்பினத்து ஆள், கறுப்புக் கண்ணாடியும் சிகரெட் புகையுமா ஒரு பார்ல தரை கூட்டிட்டு இருப்பான். சட்டப்படி தர வேண்டிய குறைஞ்சபட்சக் கூலி கூட அவனுக்குக் கிடையாது. வேலையை விட்டா வேலையில்லாம ஊர் சுத்தறான்னு போலீஸ் பிடிச்சு உள்ள போட்டுடும், அது அந்த முதலாளியம்மாவுக்கு நல்லாத் தெரியும், அதை வச்சே மிரட்டி வேலை வாங்கறா. அவன் வாயைத் திறந்தா நமக்கு சிரிப்புதான் வரும், சிரிச்சு முடிச்சப்புறம் நெஞ்சுல ஒண்ணு உக்காந்துக்கும். கட்டுரையா எழுதியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன், சிரிச்சதாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் ஜோன்ஸ் எனக்கு ஞாபகம் இருக்கான்.

டூல் இதை எழுத ஆரம்பிச்சது 1963ல, ராணுவத்துல சேத்து போர்ட்டோ ரீக்கோவுல ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வச்சிருந்த சமயத்துல, நண்பர்கிட்ட இரவல் வாங்கின டைப்ரைட்டர்ல. 1964ல சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அங்க எடிட்டர் ராபர்ட் காட்லீப், "கேட்ச் 22"ங்கிற பேர்பெற்ற நகைச்சுவை நாவலையே எடிட் பண்ணினவர், அதனால நகைச்சுவை புரியாத ஆளுன்னு யாரும் சொல்ல முடியாது. அவர் டூலோட திறமையை மனசாரப் பாராட்டினார், திருத்தச் சொன்னார், திருப்பித் திருப்பிக் கடிதம் போச்சு வந்துச்சு, ஆனா கடைசி வரைக்கும் அவருக்கு இருந்த குறை, நாவல் எதைப் பத்தினதுன்னு ஒண்ணும் இல்லையேங்கிறதுதான். காட்லீப் மேல எனக்குக் கோபம் இல்ல, அவர் அளவுக்குப் பொறுமையா பதில் போடற எடிட்டர் கிடைக்கிறதே பெரிய விஷயம். அந்தக் கேள்விதான் தப்பு. அழ வைக்கிற நாவலைப் பாத்து யாரும் இப்படிக் கேக்கறது இல்ல, அழுகையே போதும்னு எடுத்துக்கறாங்க, சிரிக்க வைக்கிறவன் மட்டும் எதுக்கு கூடவே ஒரு கருத்தையும் கையில பிடிச்சுட்டு நிக்கணும்?

டூல் ஒரு கட்டத்துல விட்டுட்டார், பிரதி பெட்டிக்குள்ள போயிடுச்சு. 1969 மார்ச்ல, 31 வயசுல, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். புத்தகம் வராததாலதான்னு சுலபமா சொல்லிடறாங்க. எனக்கு அது பிடிக்கல, ஒரு மனுஷனோட வேதனையை அப்படி ஒத்தை வரியில அடைக்கக் கூடாது.

அதுக்கப்புறம் அவங்க அம்மா தெல்மா அந்தப் பிரதியைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க, பதிப்பகம் பதிப்பகமா திரும்பி வந்துச்சு. 1976ல நியூ ஆர்லியன்ஸ் லயோலா பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்துட்டிருந்த நாவலாசிரியர் வாக்கர் பெர்சியை விடாமத் துரத்தி, கடைசியில அவர் ஆபீஸ்லயே போய் நின்னு கையில கொடுத்துட்டாங்க. மை கலங்கின, படிக்கவே சிரமப்படற கார்பன் காப்பி. ரெண்டு பக்கம் மோசமா இருந்தா மனசாட்சி உறுத்தாம மூடி வச்சுடலாம்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன்னு அவரே முன்னுரையில சொல்றார். மூட முடியல. 1980ல லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி பிரஸ் 2,500 காப்பி போட்டாங்க, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு.

நான் என் நாவல்ல கருத்துன்னு எதையும் புதுசா சேக்கப் போறதில்ல, அப்படியேதான் அடுத்த இடத்துக்கு அனுப்பறேன்.

விடிகாலை கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டேன். இக்னேஷியஸ் வீட்டை விட்டு அவசர அவசரமா ஓடற இடம், அவனை மனநல வார்டுல சேக்க ஆஸ்பத்திரி வண்டி வந்துட்டு இருக்கு, அவன் அந்த நேரத்துலயும் நோட்டையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கணும்னு அடம் பிடிக்கறான். ஒண்ணு கூட இங்க விட்டுட்டுப் போகக் கூடாது, அம்மா கையில சிக்கிடுச்சுன்னா அதை வச்சு அவ பெரிய பணக்காரி ஆயிடுவாங்கறான். இதுக்கு முன்னாடி படிச்சப்போ எல்லாம் இந்த இடத்துல சிரிச்சிருக்கேன். இந்தத் தடவை மை கலங்கின கார்பன் காப்பியோட பெர்சி ஆபீஸ்ல நிக்கற தெல்மாதான் கண்ணுக்குள்ள வந்தாங்க, கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியல.