குவாரியில் வெடி வைக்கும் நேரம்

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஓர் ஆச்சி வருவார். நெஞ்சு பதைக்கிறது, வயிறு எரிகிறது, தூக்கமில்லை. இரண்டு வருடமாக கேஸ் மாத்திரை கொடுத்தே அனுப்பினேன். ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துக் கருங்கல் குவாரியில் வெடி வைத்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது காதிலேயே விழாது. ஆச்சி மேசைக்கடியில் குனிந்துவிட்டார். மன்னாரிலிருந்து 1990இல் படகேறி வந்தவர். "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. (அவர் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன்.)

அவர் அடிக்கடி "பெருமூச்சு" என்பார். அலுப்பில் விடும் மூச்சு என்று நினைத்திருந்தேன். ஈழத்தில் உள்ளே கிடக்கும் துயரத்தையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். மனசு சரியில்லை என்று யாரும் வந்து சொல்வதில்லை. நெஞ்சும் வயிறும்தான் சொல்கின்றன. நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது, புது வீடுகளும் அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். மனநலத்துக்கு என்ன இருக்கிறது? 14416 என்ற இலவச எண் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் பத்தடி அறையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் சுற்றியிருக்க ஆச்சி போனில் எதைச் சொல்வார்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அதிகாரிகள் வந்து ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் முகாமை விட்டு நகரவே முடியாது.

வருடத்துக்கு ஒருமுறை மைக் வைத்து நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டமும் போதாது. எல்லாரையும் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லி ஒரே நாளில் கிளறிவிட்டுப் போவது இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனமே அது வேண்டாம் என்கிறது. தூக்கம், பயம், வீட்டுச் சண்டை, கணவனின் குடி என்று அன்றாடத்திலிருந்து தொடங்கி, அவர்களாக வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அதே ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

முகாமிலேயே டிகிரி முடித்த பெண்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் அரசு வேலை கிடையாது. அவர்களுக்கு ஆற்றுப்படுத்தும் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுங்கள். பெருமூச்சு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாவட்ட மனநலக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், செக்கிங் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நானும் கூட வருகிறேன். அடுத்த மாதமும் வருவதாக இருந்தால் மட்டும் வாருங்கள்.