பினான், ஹெயான், பியோங்ஆன்

கராத்தே வகுப்புக்குப் போனவர்களுக்கு ஹெயான் கட்டா மறந்திருக்காது. கட்டா என்றால் அடி, தடுப்பு அசைவுகளை வரிசையாகத் தனியே செய்து பழகும் பயிற்சி. வெள்ளை பெல்ட் கட்டியிருந்த நாட்களில் நானும் அதைத்தான் நூற்றுக்கணக்கான முறை செய்தேன், அசல் ஜப்பானியச் சரக்கு என்றே ரொம்ப வருடம் நம்பியிருந்தேன்.

அது பிறந்தது ஒக்கினாவாவில், முன்பு தனி அரசாக இருந்து பிறகு ஜப்பானோடு சேர்ந்த தெற்குத் தீவில். பெயர் பினான். 1901 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தந்த இதோசு அங்கோ அமைத்த ஐந்து கட்டாக்கள். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவுக்கு இந்தக் கலையைக் கொண்டுபோனார், பிறகு பினானை ஹெயான் ஆக்கினார், முதல் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். அதுவே டாங் சூ டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையில் பியோங்ஆன். உச்சரிப்பு மூன்று, எழுதுவது அதே இரண்டு சீன எழுத்துகள்.

இதற்கும் முன்னால் போனால் சீனாவின் ஃபுஜியன். அங்கே வெள்ளைக் கொக்குப் பாணியில் விரித்த கையோடு செய்யும் சான்சின் என்ற கட்டா, ஒக்கினாவாவின் கோஜு-ரியூ என்ற கராத்தே பாணியில் மூடிய முஷ்டியோடு வருகிறது. ஊர் மாறினால் கை மாறும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வெள்ளை உடையும் பெல்ட்டும்கூட ஜூடோவிலிருந்து வந்தவைதானே.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 'கராத்தே' என்பதை முன்பு 'சீனக் கை' என்ற பொருளில்தான் எழுதினார்கள். 'கரா' என்ற ஒலிக்கு 'வெறுமை' என்றும் எழுத்து உண்டு. சீனாவோடு பகை முற்றிக்கொண்டிருந்த 1936இல், ஒக்கினாவாவின் நாஹா நகரில் கூடிய கராத்தே ஆசிரியர்கள் 'வெறுங்கை' என்பதையே ஏற்றார்கள். ஒலி அப்படியே இருந்தது, சீனா மட்டும் பெயரிலிருந்து போய்விட்டது. கொரியாவிலும் இதேதான். ஜப்பானில் கராத்தே கற்ற கொரிய ராணுவ அதிகாரி சோய் ஹாங் ஹி 1955இல் டேக்வாண்டோ என்ற பெயரைக் கொண்டுவந்தார், அப்புறம் ஈராயிரம் வருடப் பழமை என்று பேச ஆரம்பித்தார்கள். ஜப்பான் ஆட்சியில் பட்ட காயம் புரிகிறது, ஆனாலும் கற்றுக்கொடுத்தவர்களை மறைப்பது சரியில்லை.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவுக்குத் தங்கம் வாங்கிய கியூனா ரியோ ஒக்கினாவாக்காரர். இறுதிச் சுற்றில் அவர் செய்த ஓஹான் டாய், ரியூயெய்-ரியூ பாணியின் கட்டா. சீனாவின் ஃபுஜோவுக்குப் போய்க் கற்றுத் திரும்பிய நகாய்மா என்பவரின் குடும்பத்துக்குள்ளேயே தலைமுறைகளாக இருந்த பாணி அது.