ரோடு வேண்டாம்னு சொல்ல நாம யாரு?

நேத்து அந்த லைவ் பாத்தவங்களுக்கு நான் எதப் பத்தி பேசுறேன்னு தெரியும். ஒருத்தர் மெக்சிகோவுல இருக்குற வஹாக்கா மாநிலத்த நாலு நாள் சுத்திட்டு, "மலை கிராமத்துல ரோடு, டவர்லாம் போட்டு கெடுத்துடாதீங்க, அப்படியே விட்டுடுங்க"ன்னு சொல்றாரு, கீழ நம்ம ஆளுங்க ஹார்ட்டா விடுறாங்க. ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

மெக்சிகோவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. 2022ல வஹாக்கா சிட்டியில இருந்து புவெர்ட்டோ எஸ்கோந்திதோ கடற்கரைக்கு வேன்ல போனேன், அப்ப பழைய மலை ரோடுதான், ஆறு மணி நேரத்துக்கு மேல வளைவு வளைவு வளைவு. பக்கத்து சீட்ல ஒரு சபோடெக் பாட்டி (அந்த ஊர் பூர்வகுடி இனம்), ஒரு கையில வாந்திக்கு பாலித்தீன் கவர், இன்னொரு கையில போன். ஒரு வளைவுல யாரும் கேக்காமலே டிரைவர் வண்டிய ஓரங்கட்டினாரு, அங்க மட்டும்தான் சிக்னல் வருமாம். பாட்டி லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற மகளுக்கு அடிச்சாங்க, ரெண்டு நிமிஷம் பேசியிருப்பாங்க, கட்டாயிடுச்சு. வண்டி கிளம்பின பிறகும் போன காதுல இருந்து எடுக்கல. இதுவா சார் அழகு?

வருஷக்கணக்கா இழுத்த புது ஹைவே 2024 பிப்ரவரியில திறந்துச்சு. 104 கிலோமீட்டர். இப்ப அதே கடற்கரைக்கு மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். கடற்கரையில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர தூக்கிட்டு வர்ற குடும்பத்துக்கிட்ட போய் கேளுங்க மிச்சமான அந்த மூணு மணி நேரம் என்னன்னு.

"அவங்களே கேக்கலையே"ன்னு ஒரு கமெண்ட். கேக்கலையா? தலேயா தெ காஸ்த்ரோன்னு ஒரு சபோடெக் ஊர். ஆள் கம்மி, லாபம் வராதுன்னு செல்போன் கம்பெனிகாரங்க கைய விரிச்சிட்டாங்க. 2013ல ஊர் சபை கூடி, இந்த மாதிரி ஊர்களுக்கு சொந்த நெட்வொர்க் போட உதவுற ரிசோமாட்டிகா அமைப்போட துணையில சொந்தமா செல்போன் நெட்வொர்க்கே போட்டுட்டாங்க, அப்ப லோக்கல் கால் மாசத்துக்கு 15 பெசோ. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்து மலை ஊர்கள்ல போன் வந்தா பூத்துல இருந்து மைக்ல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, இவங்க ஓடணும். இந்த மாதிரி ஊர்களோட சங்கத்துக்கு 2016ல அலைவரிசை லைசென்ஸும் கிடைச்சுது. சில மலை ஊர்ல சிமெண்ட் ரோட்டையே ஊர்க்காரங்கதான் கையால போட்டாங்க. வேண்டாம்னு சொல்றவங்களா இவங்க?

ரோடு வந்தா நிலம் விலை ஏறும், வெளியாளு வாங்கிடுவான்னு சொல்றீங்க. சரி, ஏறுது, அது வலிதான், ஒத்துக்கறேன். அதுக்கு நிலத்த காப்பாத்த சட்டம் கேளுங்க, ரோட்ட ஏன் நிறுத்தணும்?

"நீ என்ன அங்க பொறந்தவனா"ன்னும் எழுதுவீங்க. இல்ல. அந்தப் பாட்டி பக்கத்துல உக்காந்தவன், அவ்வளவுதான்.

ஹார்ட் விட்டவங்கள்ல என் காலேஜ் ஃப்ரெண்டும் இருக்கான், அதான் ரொம்ப வலிக்குது. போன வாரம் என்கிட்ட வீடியோ கால் பேசும்போது படம் ரெண்டு செகண்ட் நின்னதுக்கே "என்னடா நெட்டு இது"ன்னு கத்தினவன் அவன்.