வேலையை விட்டுப் போனவர்களின் நுரையீரலை யார் கணக்கெடுப்பது?

"இருபது வருஷமா இங்கதான் வேலை பாக்கறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

வேலை செய்யும் இடத்துத் தூசி, புகை பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பதில் வந்துவிடும். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உடம்பு தாக்குப்பிடித்ததால்தான் அவர் இருபது வருடமாக அங்கே இருக்கிறார். மூச்சு வாங்க ஆரம்பித்தவர்கள் எப்போதோ கணக்கு முடித்துக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஆய்வாளர்களுக்கு இது பழைய தலைவலி. 'நலமான தொழிலாளர் விளைவு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேரவே ஓரளவு தெம்பு வேண்டும், நோய் வந்தவர் விலகிவிடுகிறார். இரண்டும் சேர்ந்து ஆபத்தைக் குறைத்துக் காட்டுகின்றன. அதனால்தான், ஒருநாள் போய் அளந்துவிட்டு வரும் ஆய்வைவிட, விலகியவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் தேடிப் பிடித்துப் பல வருடம் தொடரும் ஆய்வை நான் அதிகம் நம்புகிறேன்.

2000-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஓர் ஆலையில் முன்பு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் தழும்பேறி அடைபட்டது போன்ற நோய் இருப்பதாக ஒரு மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். எட்டுப் பேருமே முன்னாள் தொழிலாளர்கள். நான்கு பேர் நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்தார்கள். அதன் பிறகே ஆய்வாளர்கள் ஆலைக்குள் போனார்கள். அப்போது வேலையில் இருந்தவர்களிடமும் மூச்சுக்குழாய் அடைப்பு, எதிர்பார்க்கக்கூடிய அளவைப்போல 3.3 மடங்கு இருந்தது. சந்தேகம் போய் நின்றது வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டைஅசிட்டைலின் ஆவிமீது. சாப்பிடப் பாதுகாப்பானது என்று அனுமதிக்கப்பட்ட பொருள்தான் அது! சூடாக்கும்போது எழும் ஆவியை ஷிப்ட் முழுக்க மூச்சில் இழுப்பது வேறு விஷயம் என்பது அதுவரை பரவலாகக் கவனிக்கப்படவில்லை. விலகிப்போன அந்த எட்டுப் பேரை ஒரு மருத்துவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்காவிட்டால்?

பெரும்பாலும் அப்படிச் சேர்த்துப் பார்ப்பதில்லை. இருமலோடு போனால் "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பல இடங்களில் அதோடு நின்றுவிடுகிறது. நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸீனி 1700-லேயே எழுதிவிட்டார். 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது: பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் சுமார் 16 சதவீதமும், சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயில் 14 சதவீதமும், காரணம் தெரியாதது என்று சொல்லப்படும் நுரையீரல் தழும்பு நோயில் 26 சதவீதமும் வேலையோடு தொடர்புடையவை. நான்கில் ஒரு பங்கு! காரணம் தெரியாமல் போனதா, கேட்காமல் போனதா?

கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசி விஷயத்தில் வேலையை விட்டாலும் தப்ப முடியாது. உள்ளே படிந்தது படிந்ததுதான், தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல்கூட சிலிக்கா இருக்கும். அதை அறுத்தவர்கள் முப்பது, நாற்பது வயதிலேயே நோயில் விழுந்ததைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. மாஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் விட்டு அறுப்பது, தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சுவது எல்லாம் முதலில், மாஸ்க் கடைசியில்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வயது, உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதம் இருந்தாலே பல இடங்களில் 'நார்மல்' என்று எழுதிவிடுவார்கள். சேரும்போது 115 சதவீதம் இருந்தவர் 85-க்கு இறங்கினாலும் ரிப்போர்ட்டில் நார்மல்தான். அவர் இழந்தது அந்தத் தாளில் இருக்காது. பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் அது தெரியும்.

அதனால், தூசியிலும் புகையிலும் வேலைக்குச் சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே ஊதிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வீட்டில் வையுங்கள், வேலை மாறினாலும் தூக்கிப் போடாதீர்கள். விலகியவர்களையும் வருடா வருடம் கூப்பிட்டு, நிறுவனச் செலவில் பரிசோதிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.