கவுனரிசி இனிக்கிறது, ஆராய்ச்சி மட்டும் கசக்கிறதா?

அந்தக் கல்யாண மண்டபப் பேச்சை இதற்குள் எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "நம்ம பாட்டன் போடாத நெல்லா? நெல் ஆராய்ச்சிப் பண்ணையை மூடிட்டு அந்த இடத்தை வேற எதுக்காவது கொடுக்கலாம்" என்கிறார் ஒரு பெரியவர். மண்டபமே கைதட்டுகிறது. நானும் அங்கேதான் இருந்தேன். வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் வந்துவிட்டேன், மனசு ஆறவில்லை.

நம் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. செம்மண், கண்மாய், ஐப்பசி கார்த்திகை மழை, அவ்வளவுதான். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற பூமி இது. தஞ்சாவூரை விட நமக்குத்தான் ஆராய்ச்சி அதிகம் வேண்டும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் கொடுத்த அண்ணா 4 நெல் ஏறக்குறைய 100 நாளில் அறுப்புக்கு வரும், மழையில்லாமல் வயல் காய்ந்தாலும் தாங்கும். கார்த்திகையோடு மழை நின்றுபோன ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு நெல் வந்தது அதனால்தான். பக்கத்து வயலில் நீண்ட நாள் ரகம் போட்டிருந்தவர் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். அதை என் கண்ணால் பார்த்தேன்.

"அப்போ பாரம்பரிய நெல்லுக்கு நீ எதிரியா?" என்று கேட்கப் போகிறீர்கள். எங்கள் அப்பத்தா முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, தேங்காயும் சீனியும் நெய்யும் போட்டுக் கிளறும் கவுனரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனால் கவுனி என்ற அந்தக் கறுப்பு நாட்டு நெல் உயரமாக வளர்ந்து காற்றில் சாயும், விளைய நாளும் அதிகம், மகசூலும் குறைவு. போடுகிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் அதே கவுனியை வைத்துத்தான் கோ 57 என்ற கறுப்பு நெல்லை உருவாக்கினார்கள். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றில் இருந்த குணத்தை எடுத்துத்தான், வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1 என்ற நெல் ரகம் வந்தது. நாட்டு விதையைத் தேடி எடுத்துக் குளிரறையில் பத்திரமாக வைத்திருப்பவர்களும் ஆராய்ச்சிக்காரர்கள்தான். பிறகு எதற்கு இந்தச் சண்டை?

பசுமைப் புரட்சி மண்ணைக் கெடுத்தது என்பீர்கள். உரத்தை அள்ளிக் கொட்டியது தப்புதான், சரி. அதற்காக இருக்கிற பண்ணையை மூடுவதா?

இனி வரும் காலம் இன்னும் மோசம். இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் கண்டு 2004-லேயே எழுதிவிட்டார்கள். நம் பாட்டன் காலத்து ராத்திரியா இப்போது இருக்கிறது?

அந்த மண்டபத்தில் என் அக்கா மகளும் உட்கார்ந்திருந்தாள். புது ரகம் உருவாக்கும் பயிர்ப் பெருக்கம் படிக்கிறாள். நெல் பூ விரிவதற்கு முன்பே வயலில் இறங்கி, வேறு ரகத்தோடு சேர்ப்பதற்காக ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப் பையையும் இடுக்கியால் எடுக்கிற வேலை. ஒரு ரகம் வெளியே வர எட்டுப் பத்து வருஷம் ஆகும். "நாத்து நடவா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறீங்க?" என்று சொந்தக்காரர்களே அவள் காதுபடக் கேட்டார்கள், அதுவும் பந்தியில் வைத்து. அவள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

நாளைக்கு இவள் வெளிநாட்டுக்குப் போய்விட்டால், படித்த பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று குறை சொல்லப் போவதும் நீங்கள்தான். கைதட்டினவர்களைக் கேட்கிறேன், இப்படிப் பேசினால் அவள் எந்த முகத்தோடு இங்கே இருப்பாள்?