கேடயத்தில் இல்லாத 14 கிலோ

எங்கள் ஆபீஸில் ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை, ஓரமெல்லாம் கம்ப்ரசர் எண்ணெய்க் கறை. ஏசி சர்வீஸுக்குப் போகும் தம்பிகள் கேஸ் டாப்-அப் செய்யும் ஒவ்வொரு முறையும் சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றுவதற்கு முன் எவ்வளவு எடை, ஏற்றிய பின் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். தேதி, கட்டடம், மெஷின், கேஸின் பெயர், கடைசிக் கட்டத்தில் கழித்து வரும் கிலோ. இரண்டு வருஷத்துக்கு முன் இதை ஆரம்பித்தபோது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "சிலிண்டரைத் தூக்குறதே பாடு, தராசையும் தூக்கச் சொல்றீங்களே அக்கா" என்றார்கள். இப்போது நான் கேட்காமலே எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு தம்பி, "அக்கா, இந்த மெஷின் போன தடவையும் ரெண்டு கிலோ குடிச்சிருக்கு, எங்கயோ லீக் இருக்கு" என்று தானாகவே பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

சிங்கப்பூரில், சுங்கை காடுட்டில் 18 பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஏசி சர்வீஸ் நிறுவனத்தில் நான் கணக்கு பார்க்கிறேன். சுற்றுச்சூழல் படித்தவள் இல்லை. ஆனால் கணக்கு தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நோட்டில் எழுதும் கிலோ சாதாரணக் கிலோ இல்லை. ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ காற்றில் கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது இரண்டு டன். நம் மின்சாரம் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் தயாராகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஒரு வருஷம் முழுக்க லைட், ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடினால் வருவது ஏறக்குறைய அந்த ஒரு கிலோ கேஸ் கசிவுதான். ஆர்-32 பரவாயில்லை, அதற்கு 675. அதனால்தான் 2022 அக்டோபர் முதல் இங்கே புதிதாக விற்கும் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிகளில் அந்த எண் 750-ஐத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. ஆனால் பெரிய கட்டடங்களில் ஏற்கெனவே மாட்டிய விஆர்வி மெஷின்கள் (ஒரே வெளி மெஷினில் பல அறைகளைக் குளிர்விப்பவை) இன்னும் பல வருஷம் பழைய கேஸில்தான் ஓடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்கள் கட்டட லாபியில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கேடயம் ஒன்று இருக்கிறது. 2030-க்குள் நிகர பூஜ்ய கரிம வெளியேற்றத்தை எட்டுவோம், அதாவது முடிந்தவரை குறைத்து மிச்சத்தை ஈடுகட்டிவிடுவோம் என்று உறுதிமொழி எடுத்ததற்காக ஒரு விருந்து நிகழ்ச்சியில் கொடுத்தது. உறுதிமொழி எடுத்ததற்கு. குறைத்ததற்கு இல்லை. அந்தக் கட்டடத்தின் மெஷின்களுக்கு ஒரே வருஷத்தில் நாங்கள் ஏற்றிய கேஸ் 14 கிலோ, எல்லாம் ஆர்-410ஏ. கசிந்ததால்தானே மறுபடியும் ஏற்றுகிறோம். அது 29 டன் கரியமில வாயுவுக்குச் சமம். மெஷின் அவர்களுடையது என்பதால் உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு முறைப்படி இது அவர்களின் ஸ்கோப் 1, நேரடி வெளியேற்றம். அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஸ்கோப் 1 என்ற இடத்தில் ஜெனரேட்டர் டீசல் மட்டும் இருந்தது.

எங்களைப் போன்ற சப்ளையர்களின் வெளியேற்றக் கணக்கைக் கேட்டு அவர்கள் அனுப்பிய படிவத்தில் நான் இந்த 14 கிலோவையும் குறிப்பிட்டு அனுப்பினேன். போன் வந்தது. "அதெல்லாம் வேண்டாம், உங்க ஆபீஸ் கரண்ட் பில்லும் வேன் டீசலும் மட்டும் போதும்" என்றார் பேசியவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு மேலே யாரோ கெடு வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் சில மாதம் கழித்து அவர்கள் இணையதளத்தைத் திறந்தால் 2030 என்று இருந்த இடத்தில் 2045 இருக்கிறது. ஏன் மாறியது, எப்போது மாறியது, ஒரு வரி கிடையாது. கேடயம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

வாக்குறுதி கொடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சட்டம் எல்லாரையும் தொடுவதில்லை. நம் ஊரில் கரிம வரி வருஷத்துக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் ஆலைகளுக்குத்தான். ஏறக்குறைய 50 இடங்கள், நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் பெரும்பங்கு அவற்றுடையது. 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளியில் ஆரம்பித்து, 2024-ல் 25 ஆகி, 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் 2025 நிதியாண்டிலிருந்து ஸ்கோப் 1 கணக்கையும், வாங்கும் மின்சாரத்தால் வரும் ஸ்கோப் 2 கணக்கையும் வெளியிட்டே ஆக வேண்டும். மற்ற விவரங்களுக்குச் சிறிய நிறுவனங்களுக்கான கெடுவை 2025 ஆகஸ்டில் தள்ளிப்போட்டார்கள். இந்த இரண்டு வலைக்கும் வெளியே ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே தானாக முன்வந்து சொல்லும் வாக்குறுதிதான் இருக்கும் ஒரே பிடி. அந்தப் பிடி நழுவுகிறதே என்பதுதான் என் கவலை.

என் தாத்தா பேராவூரணிப் பக்கம். அந்தப் பகுதியில் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும், தெரிந்திருக்கும். தாத்தாவின் மொய் நோட்டை அப்பா இங்கே கொண்டுவந்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். பெயர், ஊர், தொகை. அந்த நோட்டில் யாரும் "அடுத்த வருஷம் ஆயிரம் தருகிறேன்" என்று எழுதியதில்லை. பணம் கைக்கு வந்த பிறகுதான் பேனா நகரும். இன்னொன்று, பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள். திருப்பிச் செய்யாத மொய்யும் அப்படியே இருக்கும், மகன் காலத்துக்கும் வரும். இந்த இரண்டு வழக்கமும் இருந்தால் போதும், நிகர பூஜ்ய வாக்குறுதிகளில் பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் நினைக்கிறேன்.

உலக அளவில் இந்த மாதிரி நோட்டுப் போட முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2014-ல் லிமா பருவநிலை மாநாட்டில் ஐநா ஒரு இணையத் தளம் ஆரம்பித்தது. நகரங்கள், நிறுவனங்கள், முதலீட்டாளர்கள் தாமாகச் செய்யும் உறுதிமொழிகளை ஒரே இடத்தில் பதிய வேண்டும் என்பது நோக்கம். 2020-ல், நிகர பூஜ்ய வாக்குக் கொடுப்பவர்களை ஒன்றுசேர்க்கும் 'ரேஸ் டு ஸீரோ' இயக்கம் வந்தது. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தினரும் வேறு சில ஆய்வு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் 'நெட் ஸீரோ டிராக்கர்' நாடுகளையும் நகரங்களையும் உலகின் மிகப் பெரிய 2,000 நிறுவனங்களையும் பார்க்கிறது. அந்த 2,000-ல் பாதிக்கு மேல் இலக்கு அறிவித்துவிட்டன. இலக்கோடு நம்பகமான திட்டமும் சேர்த்து வைத்திருப்பவை சொற்பம்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த சம்பவம் 2024 மார்ச்சில் நடந்தது. 'எஸ்பிடிஐ' என்று ஒரு அமைப்பு, நிறுவனங்களின் இலக்குகளை அறிவியல் அடிப்படையில் சரிபார்ப்பது. இலக்கு வைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் 24 மாதத்துக்குள் அந்த இலக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். கெடு தாண்டிய 239 நிறுவனங்களுக்கு நேரே 'உறுதிமொழி நீக்கப்பட்டது' என்று பட்டியலில் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட், யூனிலீவர், வால்மார்ட் எல்லாம் அதில் இருந்தன. நியாயமாகச் சொன்னால், இவற்றில் பலவற்றின் குறுகிய கால இலக்குகள் ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்தன, நீண்ட கால நிகர பூஜ்ய இலக்குதான் தடுக்கி விழுந்தது. ஆனாலும் பாருங்கள், பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடவில்லை. வரி அங்கேயே இருக்கிறது, நீக்கியது என்ற குறிப்போடு. பக்கத்தைக் கிழிக்காத நோட்டு அது.

எதிர்மாறான கதையும் உண்டு. வங்கிகள் சேர்ந்து 2021 ஏப்ரலில் ஒரு நிகர பூஜ்யக் கூட்டணி ஆரம்பித்தன. நம் உள்ளூர் வங்கிகளில் சிலவும் பின்னர் சேர்ந்தன. 2022, 2023 ஆண்டுகளில் துறைவாரியாக இலக்குகளையும் வெளியிட்டன. 2024 கடைசியில் பெரிய அமெரிக்க வங்கிகள் ஒவ்வொன்றாக வெளியேற, 2025 அக்டோபரில் கூட்டணியே கடையைக் கட்டிவிட்டது. ஒரு வங்கி தனியாக நேர்மையாக நடந்துகொண்டாலும், எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க இருந்த இடம் போய்விட்டது. உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் சங்கத்திடம் நோட்டைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால்தான் இது அரசாங்கத்தின் வேலை என்கிறேன். சிங்கப்பூருக்கு இது புதிய வேலையும் இல்லை. காப்பிக்கடையில் ஒவ்வொரு ஸ்டாலிலும் சுத்தத்துக்கு எழுத்துத் தகுதி ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். ஒரு நாள் சோதனையை வைத்து இல்லாமல் பல வருஷ நடத்தையை வைத்து அந்த எழுத்தைக் கொடுக்க வேண்டும் என்று அந்த முறையையே திருத்தினார்கள். ஏசி, ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டிக்கரில் எத்தனை டிக் என்று என் மாமியார்கூட எண்ணிப் பார்க்கிறார். பானங்களில் சர்க்கரைக்கு ஏ, பி, சி, டி. மீ கோரிங் ஸ்டாலுக்கு இருக்கும் கண்டிப்பு, லாபியில் கேடயம் வைக்கும் நிறுவனத்துக்கு ஏன் இல்லை?

நான் கேட்பது பெரிய சாஃப்ட்வேர் ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் ஒரு பதிவேடு. வாக்குக் கொடுக்கும் நிறுவனம் எந்த வருஷத்தை அடிப்படையாக வைக்கிறது, எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது, எதை விடுகிறது என்று முதல் நாளே சொல்ல வேண்டும். ஏசி கேஸை விட்டால் விட்டோம் என்று எழுதட்டும். பிறகு வருஷா வருஷம் ஒரு எண். கார்பன் கிரெடிட் (வேறு இடத்தில் வேறொருவர் குறைத்ததைக் காசு கொடுத்து வாங்குவது) வாங்கிக் கழித்த பங்கு தனிக் கட்டத்தில், சொந்தமாகக் குறைத்ததோடு கலக்காமல். கரிம வரியிலேயே கிரெடிட்டை 5 விழுக்காடு வரைக்கும்தான் அனுமதிக்கிறார்கள், தானாக வாக்குக் கொடுப்பவருக்கு மட்டும் வரம்பில்லை என்றால் எப்படி? இலக்கைத் தள்ளிப்போட்டால் பழைய தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதும் காரணமும். மூன்று வருஷம் தொடர்ந்து எண் கொடுத்தவருக்கு, அதுவும் குறைத்தவருக்குத்தான் கேடயம். விருந்து அதற்கப்புறம் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைக்கட்டும், நானே வந்து கைதட்டுவேன்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், என் முதலாளியே சொன்னார். "இவ்வளவு கெடுபிடி பண்ணினா யாரும்மா வாக்குக் குடுப்பாங்க? வாயை மூடிக்கிட்டு இருந்துடுவாங்க." பயம் நியாயமானதுதான். திட்டு விழும் என்று இலக்கையே மறைக்கும் நிறுவனங்கள் உலகத்தில் பெருகிவருகின்றன. ஆனால் கோப்பன்ஹேகனைப் பாருங்கள். 2025-க்குள் கரிமச் சமநிலை அடையும் முதல் தலைநகரம் ஆவோம் என்று உலகத்துக்கே சொன்ன ஊர். குப்பை எரிக்கும் ஆலையில் கரியமில வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் திட்டத்துக்கு நிதி கிடைக்காமல் போனதும், 2022 ஆகஸ்டில் எட்ட முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரைப் பற்றிய என் மரியாதை கூடித்தான் இருக்கிறது. எந்த ஆலை, எந்தத் தடை என்று தெரிந்ததால் மற்ற நகரங்களுக்கும் பாடம். குப்பையை எரித்துச் சாம்பலைச் செமக்காவ் தீவுக்கு அனுப்பும் நமக்கு அந்தப் பாடம் ரொம்பவே வேண்டும்.

நகரங்கள் என்று வரும்போது சிங்கப்பூரின் நிலை வேறு. ஊரே நாடு என்பதால் பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். 2050-ல் நிகர பூஜ்யம், 2030-ல் 60 மில்லியன் டன், 2035-ல் 45 முதல் 50 மில்லியன் டன் என்று இடைவழி எண்களும் இருக்கின்றன; பொதுத்துறைக்கு 2045 வாக்கில் என்று தனி இலக்கு. சென்னை மாநகராட்சிகூட 2023-ல் வெளியிட்ட திட்டத்தில் 2050 என்று சொல்லியிருக்கிறது, இந்தியாவின் 2070-க்கு இருபது வருஷம் முன்னால். அங்கே இருக்கும் என் சித்தப்பா மகனிடம் சொன்னேன், வருஷா வருஷம் எண் வருகிறதா என்று நீ பார்த்துக்கொள், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

என் முதலாளிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நாம் வாக்கே கொடுக்கவில்லை, ஆனால் எண் வைத்திருக்கிறோம். முதல் வருஷம் எங்கள் தம்பிகள் எல்லா வாடிக்கையாளர் இடங்களிலும் ஏற்றிய கேஸ் 212 கிலோ. இரண்டாம் வருஷம் 163. ஒரே மெஷின் இரண்டு தடவை கேட்டால் ஏற்றுவதற்கு முன் லீக்கைத் தேடி அடைக்க வேண்டும் என்று நோட்டைப் பார்த்துதான் முடிவு செய்தோம். வாடிக்கையாளருக்கும் செலவு மிச்சம். இந்த 49 கிலோவுக்கு யாரும் கேடயம் தரவில்லை, தர ஒரு முறையும் இல்லை. எங்களைப் போன்ற சின்ன இடங்கள் எத்தனை இப்படிச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும்? அவர்களும் அந்தப் பதிவேட்டில் வர வேண்டும், ஆலோசகருக்குப் பணம் கட்டாமல், ஒரு பக்கப் படிவத்தில்.

அந்தப் பெரிய நிறுவனத்தின் இந்த வருஷப் படிவம் திங்கட்கிழமை வந்தது. கேஸுக்குக் கட்டம் இல்லை. 'பிற விவரங்கள்' என்ற இடத்தில் 11 கிலோ என்று எழுதி, நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து, எண்ணெய்க் கறையோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். போன் வந்தால் வந்து சொல்கிறேன். உங்கள் கட்டட லாபியிலும் இப்படி ஒரு கேடயம் இருந்தால், அடிப்படை ஆண்டு எது, ஏசி கேஸ் கணக்கில் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டு, என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.